மூன்றாம் மாடியும் மூணாமத்தே நிலயும்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமான புதிது. திருவனந்தபுரத்தில் நான்கு அடுக்குக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. அவ்வளவு உயரத்தில் ஆபீஸ்கள் வந்தது அங்கே அதுதான் முதல் தடவை என்றார்கள். அண்ணாந்து பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள்.

நான் போனது டைப்பிஸ்ட் வேலைக்கு, நேர்காணலுக்கு வரச் சொன்ன கடிதத்தோடு. நாகர்கோவிலிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறினேன். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

வாசல் காவலாளியிடம் கம்பெனி பெயரைச் சொன்னேன். "மூணாமத்தே நில" என்றார். நில என்றால் அடுக்கு; தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நம் கணக்கில் மூன்று மாடி ஏறிவிட்டேன்.

அங்கேயும் ஒரு ஆபீஸ். "டைப்பிஸ்ட் வேலைக்கா?" என்று கேட்டு உட்கார வைத்தார்கள். அடித்துக் கொடுத்தேன். மானேஜர் தாளைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

அப்போது ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். விதுராவிலிருந்து வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதாம். அவளுடைய கடிதத்தைப் பார்த்த மானேஜர் என்னுடையதையும் வாங்கிப் படித்தார்.

"இது கீழே உள்ள கம்பெனியாச்சே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாடிகளைச் சரியாகத்தானே எண்ணினேன்?

"உங்க டைப்பிங் எனக்குத் திருப்தி. இருக்கிறதுன்னா இருங்க" என்றார் அவர். இருந்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு எழுந்து, "இது அவங்க இடம் சார்" என்றேன்.

வெளியே வந்ததும் எந்தப் பக்கம் படி என்றே தெரியாமல் நின்றேன். அந்தப் பெண் மானேஜரிடம் ஏதோ சொல்லிவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

"பேடிக்கண்டா. ஞான் வந்நு பறயாம்."

பயப்படாதே, நான் வந்து சொல்கிறேன் என்கிறாள். கீழே என் கம்பெனியில் நேர்காணல் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். நாங்கள் ஒரே பஸ்ஸில் வந்ததாகவும் அது நின்றுபோனதாகவும் கூசாமல் சொன்னாள். அவர்கள் இரங்கி என்னை உட்காரச் சொன்ன பிறகே மேலே ஓடினாள்.

எனக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று நன்றி சொல்ல மேலே போனேன். அவள் இடத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் குட்டி கீழே போன நேரம் இவர் வந்நு. சார் இவரை எடுத்து" என்றார் பியூன். அவள் எனக்காகக் கீழே வந்திருந்த நேரத்தில் மானேஜர் இவரை வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்.

பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அன்று நாற்காலியை விட்டு எழுந்தது நியாயம்தான் என்று எனக்குத் தெரியும். அந்த நியாயத்தால் அவளுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.