வெற்றி என்று காட்டிய திரை

அந்தக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதிய தலைமை அலுவலகத்துக்காரரே, நீங்கள் அதை ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் நான் நடத்தும் சேவை மையத்தில் கைரேகைக் கருவி நின்றுபோனது. நீங்கள் அனுப்பிய ஆள் வந்தார். ஒடிசலான உடம்பு, சாயம்போன கம்பெனிச் சட்டை. கருவியைச் சரிசெய்ய உங்கள் ஸ்கிரிப்டை என் கம்ப்யூட்டரில் ஓட்டினார். திரையில் ‘வெற்றி’ என்று வந்ததும் செல்போனில் படம் பிடித்து மேலே அனுப்பினார். எந்த ஊருக்குப் போனாலும் அப்படித்தானாம். கருவி மட்டும் வேலை செய்யவில்லை.

“வெற்றின்னு காட்டுதே, அப்புறம் என்னங்க?” என்று கேட்டேன்.

“செட்டிங்கை எழுதிடுச்சுங்க. ஸ்கிரிப்ட் ஓடுறது 32 பிட்டுல, கருவியோட சாப்ட்வேர் 64 பிட்டு. கம்ப்யூட்டர் செட்டிங்கெல்லாம் இருக்கிற ரெஜிஸ்ட்ரில ரெண்டுக்கும் வேற வேற எடம். இது ஒரு எடத்துல எழுதுது, அது இன்னொரு எடத்துல தேடுது.”

“தெரிஞ்சேதான் ஓட்டுறீங்களா? மாத்தி எழுதுங்க!”

“எங்களுக்கு அனுமதி இல்லீங்க. சொல்லிப் பாத்துட்டேன். படம் வந்துடுச்சில்ல, முடிஞ்சுதுங்கறாங்க.”

ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர் ஒருவர் பக்கத்தில் காத்திருந்தார். பென்ஷன் தொடர, உயிரோடிருப்பதற்குச் சான்றாக ரேகை வைக்க அன்றுதான் கடைசி நாள்.

“அப்ப நான் செத்துட்டனா சாமி?” என்றார்.

வந்தவர் பெரியவரின் கட்டைவிரலைத் தன் சட்டையில் துடைத்து மறுபடி கருவியில் வைத்து அழுத்தினார். வேலை செய்யாது என்று தெரிந்தவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பெரியவரின் பென்ஷன் நின்றுவிட்டது. ஸ்கிரிப்டை எழுதியவரே, எங்கள் பஸ் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்லுங்கள்: அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா?