என் தம்பி பட்டினி கிடக்கவில்லை

என் தம்பி ஒரு பொய்க்குத் தலையாட்டினான். மேடையில் மாலையும் சால்வையுமாக உட்கார்ந்துகொண்டு, முன்வரிசையில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையாட்டினான். கண்ணை வேறு துடைத்துக்கொண்டான்.

அவன் விண்வெளி விஞ்ஞானி. ஆம்பூரில் எங்கள் தெருவில் பிறந்து, எங்களோடு வளர்ந்து, இப்போது பெங்களூரில் செயற்கைக்கோள்களைச் சோதித்து அனுப்பும் இடத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். எனக்கு அதில் பெருமை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஷூ கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும், அவனைப் பற்றிப் பேசிப் பேசி நான் எத்தனை பேரை ஓட வைத்திருக்கிறேன் என்று. ஆனால் என் வேலை செக்கிங். தையல் கோணலாக வந்தால், தைத்தவள் என் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தாலும் அந்த ஜோடியை ஓரம் தள்ளிவிடுவேன். தம்பி என்பதற்காக இதை மட்டும் எப்படி விடுவது?

நடந்தது இதுதான். ஊரில் ஒரு சங்கத்துக்காரர்கள் அவனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். வாழ்த்திப் பேச வந்த பெரியவர் குரலை இறக்கி ஒரு கதை சொன்னார். வீட்டில் அரிசி இல்லாத நாட்களில் எங்கள் அம்மா அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைப்பாராம். சோறு வேகிறது என்று நம்பி இவன் காத்திருந்து காத்திருந்து பசியோடு தூங்கிவிடுவானாம். அப்படித் தூங்கிய பிள்ளைதான் இன்று ராக்கெட் விடுகிறானாம்.

இந்தக் கதையை நான் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். யார் முன்னுக்கு வந்தாலும் அவர்கள் வீட்டு அடுப்பில் இந்தப் பானையை ஏற்றிவிடுவார்கள். அன்று எங்கள் வீட்டு முறை. கூட்டம் கை தட்டியது. நான் தம்பியைப் பார்த்தேன். ஆமாம் ஆமாம் என்று மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நாங்கள் ஏழைகள்தான். மறைக்க ஒன்றுமில்லை. அப்பா தோல் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுற்றிப் பதமாக்கும் டிரம் ஓட்டினார். அம்மா ஷூ கம்பெனியில் தைத்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே அறை, மழை வந்தால் சாக்கடை வாசலுக்கு வந்துவிடும். எங்களுக்கு இல்லாதது நிறைய. சோறு மட்டும் அதில் சேராது.

விடியும் முன் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் அம்மா சோறு, குழம்பு, ஒரு பொரியல் முடித்து நான்கு டப்பா கட்டிவிடுவார். தம்பியின் டப்பாதான் பெரியது. பள்ளியில் அதைத் தின்று முடித்து, சத்துணவு வரிசையிலும் போய் நின்று முட்டை வாங்குவான். ஆசிரியை ஒரு நாள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். படிப்பில் ஏதோ குறை என்று அம்மா பயந்துபோய், அரைநாள் லீவு போட்டுப் போனார். ஆசிரியை சொன்னது: "படிப்பெல்லாம் நல்லாத்தான் படிக்கிறான்மா. மத்த பசங்க முட்டையைக் கணக்குப் போட்டுக் குடுத்துட்டுப் புடுங்கித் துன்றான். அத மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

அதாவது மற்றவர்களின் கணக்கைப் போட்டுக் கொடுத்து, கூலியாக முட்டை வாங்கிக்கொள்வான். அவனுடைய கணக்கு வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. எட்டாம் வகுப்புப் போட்டோவில் சட்டையின் நடுப் பித்தான் மூடவில்லை. தெருவில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குண்டா என்றால்தான் திரும்புவான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வேலூர்ப் பக்கம் பொறியியல் படித்தான். மெக்கானிக்கல். மேற்படிப்பு முடித்து விண்வெளி வேலைக்குப் பரீட்சை எழுதினான். முதல் முறை கிடைக்கவில்லை. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து திரும்பப் படித்தான். அந்த ஒரு வருடமும் கம்பெனி விட்டு வந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு நேரே அடுப்புக்குப் போவார். "மூள வேல செய்யற புள்ள, பசிக்கும்" என்பார். ஏழு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்த எனக்குப் பசிக்காதா என்று கேட்டிருக்கிறேன். "நீ ஒனக்கே போட்டுத் துன்னுக்குவ. அவன் கேக்க மாட்டான்" என்பார். கேட்கத் தேவையில்லாதபடி போட்டால் எவன் கேட்பான்?

அடுத்த முறை வேலை கிடைத்தது. முதல் விடுமுறைக்கு வந்தவனைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்துகொண்டோம். என்ன வேலை என்று விளக்கினான். மேலே விண்வெளியில் காற்று கிடையாது. வெயில் படும் பக்கம் கொதிக்கும், படாத பக்கம் உறையும். இதைத் தாங்குமா என்று பார்க்க, ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் செயற்கைக்கோளை வைத்து, காற்றை எல்லாம் உறிஞ்சிவிட்டு, சூடும் குளிரும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். நாள்கணக்கில் ஷிஃப்ட் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்பா குறுக்கே கேட்டார். "நம்ம டிரம்மு மாதிரியா?"

"ஏறக்குறைய அப்படித்தாம்பா."

"சுத்துவீங்களா?"

"இல்லப்பா, சும்மா நிக்கும்."

"சுத்தாம எப்படிடா பதமாவும்? உங்க மேஸ்திரிக்கு வேல தெரியல போலக்கீதே."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா இறக்கும்வரை, ஒவ்வொரு முறை அவன் ஊருக்கு வரும்போதும் "இப்பவாச்சும் சுத்தறீங்களாடா?" என்பார். அவனும் "மேஸ்திரிகிட்ட சொல்லிக்கீறேன்பா" என்பான்.

அம்மா தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "அங்க சோறு யாரு போடுவாங்க?" என்றுதான் கேட்டார். கேன்டீன் என்றான். அம்மாவுக்குக் கேன்டீனில் நம்பிக்கை இல்லை. சோதனை நடக்கும் மாதங்களில் ஞாயிறானால் தூக்குச்சட்டியோடு காலை ரயிலில் ஏறிவிடுவார். ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் "இன்னாமா கொழம்பு?" என்று கேட்டிருப்பார்கள். பெங்களூரில் அவன் அறையில் வைத்து அவன் தின்று முடிப்பதைப் பார்த்துவிட்டு, மாலை ரயிலில் திரும்புவார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் தூக்கம்.

ஒரு முறை ராக்கெட் பழுதாகிவிட்டது. அவனும் அவன் கூட்டமும் வருடக்கணக்கில் பாடுபட்டுச் சோதித்து அனுப்பிய செயற்கைக்கோள் கடலில் போய் விழுந்தது. இவன்மேல் தப்பில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் ஆறுதல் சொல்லப் போய் ஏதோ உளறினேன். அம்மா என்னை நகர்த்திவிட்டு அவன் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தார்.

"திரும்ப ஒண்ணு செய்வீங்களா, மாட்டீங்களா?"

"செய்வோம்மா."

"அப்ப எழுந்து துன்னு. வெறும் வவுத்தோட எப்படி செய்வ?"

எழுந்தான். தின்றான். அம்மா மூன்றாம் முறை சோறு போடும்போதுதான் அழுதான். அடுத்தது ஒழுங்காக மேலே போனது. அன்று எங்கள் கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் போனை நிமிர்த்தி வைத்து இருபது பேர் பார்த்தோம். நெருப்பு கிளம்பியதும் நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்துவிட்டார், யாருக்கோ மிஷினில் கை மாட்டிக்கொண்டது என்று நினைத்து.

இப்படிப்பட்டவன்தான் அந்த மேடையில் தலையாட்டினான். மறுநாள் போனில் பிடித்தேன்.

"அக்கா, அவரு பெரியவரு. மைக்கப் புடுங்கி இல்லன்னு சொல்ல முடியுமா?"

"புடுங்க வாணாம். தலைய ஆட்டாம இருந்திருக்கலாமே?"

"தானா ஆடிடுச்சு."

"கண்ணத் தொடச்சியே, அதுவும் தானா தொடச்சுக்கிச்சா?"

"வேர்வக்கா அது."

"ஏசி ஹால்லயா?"

சிரித்தான். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து சொன்னான்: "கேக்கற பசங்களுக்கு ஒரு தெம்பு வரும்க்கா. ஒண்ணுமில்லாதவனும் மேல வரலாம்னு. அத போய்க் கெடுப்பாங்களா?"

எனக்கு வந்ததே கோபம். வேலைக்கும் போய்க்கொண்டு வயிறாரச் சோறும் போட்ட அம்மாவின் கதையைக் கேட்டால் பசங்களுக்குத் தெம்பு வராதா? பட்டினி போட்டால்தான் வருமா?

அதோடு முடிந்திருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஒரு வீடியோ சேனலிலிருந்து இரண்டு பேர் அம்மாவைப் பேட்டி எடுக்க வந்தார்கள். நான் வேலையில் இருந்தேன். அம்மாவின் குணம், வந்தவர்களை உட்கார வைத்து, "இருங்க, சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று அடுப்பில் உலை வைத்தார். உலை கொதிப்பதைப் படம் எடுத்தார்கள். அம்மாவும் அடுப்புப் பக்கத்தில் நின்று சிரித்தார். பிறகு அரிசி போட்டார், வடித்தார், முட்டைக் குழம்போடு பரிமாறினார். இரண்டு பேரும் நன்றாகத் தின்றுவிட்டுப் போனார்கள். வீடியோவில் கொதிக்கும் தண்ணீர் மட்டும் வந்தது. கூடவே சோகமாக ஒரு வயலின். "பிள்ளையை ஏமாற்றத் தண்ணீரைக் கொதிக்க வைத்த தாய் இவர்தான்" என்று ஒரு குரல்.

ஊரே பார்த்தது. கொஞ்ச நாளில் ஒரு கல்யாண மண்டபத்தில், மாதனூரிலிருந்து அதே கம்பெனி பஸ்ஸில் அம்மாவோடு வருடக்கணக்கில் வந்தவர், பந்தியிலேயே சத்தமாகக் கேட்டார்: "ஏண்டி, தெனம் டப்பா நெறைய கொண்டாந்து எனக்கெல்லாம் குடுத்தியே. நீ நல்லா துன்னுட்டு புள்ளைக்கு வெந்நியா காச்சின?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். பந்தியே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை.

அதிலிருந்து சந்தைக்குப் போவதில்லை, ரேஷன் கடைக்குப் போவதில்லை, எல்லாம் நான்தான். அதுகூடப் பரவாயில்லை. ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் கேட்டார்:

"எனக்கு அப்பல்லாம் ஓவர்டைம் ஜாஸ்தி. நான் வர்றதுக்குள்ள ஒருநாளாச்சும் அவன் பசியோட தூங்கிட்டானா? ஒனக்கு நெனப்பிருக்கா?"

"இன்னாமா பேசற? டப்பாவ வழிச்சுத் துன்னுட்டு என் பங்கையும் துன்னவன் அவன்."

"இல்ல. ஒண்ணுமே இல்லன்னா மேடையில ஏன் அழுவறான்?"

எழுபதை நெருங்கும் அம்மா, இப்போது உட்கார்ந்து பழைய நாட்களைத் துழாவிக்கொண்டிருக்கிறார். எந்த நாள் தவறவிட்டோம், எந்தச் சாயங்காலம் தாமதமானோம் என்று. தம்பியிடமே போனில் கேட்டார். "அய்ய, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சும்மா மேடையில பேசறது" என்றான். அம்மா நம்பவில்லை. "என் மனசு நோவக் கூடாதுன்னு மறைக்கிறான்" என்கிறார். வீட்டுக்குள் அவன் சொல்லும் உண்மை ஆறுதலாகத் தெரிகிறது, ஊர்முன் அவன் ஒத்துக்கொண்ட பொய் உண்மையாகத் தெரிகிறது. ஆகவே காதோடு சொல்லிப் பயனில்லை.

தம்பி, இதை உனக்கே சொல்கிறேன். நீ படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. அம்மா வரமாட்டேன் என்கிறார். நான் கூட்டிக்கொண்டு வருவேன். இந்த முறையும் யாராவது அந்தக் கதையைச் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் நீயே எடுத்துச் சொல். மைக் உன் கையில் இருக்கும். உன் மேஸ்திரியோ சங்கத்துப் பெரியவரோ வருத்தப்படுவார்கள் என்று பார்க்காதே. தொட்டிக்குள் வைத்த இயந்திரம் தாங்கவில்லை என்றால், தாங்கும் என்று எழுதி அனுப்புவாயா? அப்படி ஒரு நாளும் நீ செய்ததில்லை.

அம்மா உன்னை ஒரு நாளாவது பசியோடு தூங்க விட்டாரா? விட்டார் என்றால் எந்த நாள் என்று சொல், நாங்கள் தெரிந்துகொள்கிறோம். இல்லை என்றால் இல்லை என்று, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறாற்போல் வாயைத் திறந்து சொல். தலையை ஆட்டாதே. பதில் சொல்.