காளியண்ணன் தகடு வைத்த விதம்

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தகரத் தகட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் காளியண்ணன். தகட்டில் வெட்டிய ஓட்டைகள் வழியாகத் தேயிலைச் சரிவு துண்டு துண்டாகத் தெரிகிறது. பிசிறு தென்பட்டால் அரத்தால் ஓர் இழுப்பு, மறுபடியும் வெளிச்சம். வாய் நிறைய வெற்றிலை. தோட்டத்துத் துரையே வந்து நின்றாலும், "செத்த இருங்க தொரை" என்றுதான் பதில் வரும்.

பேக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு முத்திரை அடிப்பது அவர் வேலை. தோட்டத்தின் பெயர், தூளின் ரகம், எடை எல்லாவற்றையும் தகட்டில் எழுத்தாக வெட்டுவார். தகட்டைப் பெட்டிமேல் வைத்துக் கறுப்பு மை பூசி எடுத்தால், எழுத்து உளியால் செதுக்கியதுபோல நிற்கும். யார் என்ன சொன்னாலும் சரி, இந்த மலையில் ரிங்லெட்டிலிருந்து கியா பார்ம் வரைக்கும் இப்படி வெட்டுகிற கை வேறு கிடையாது. "நான் படிச்சது மூணாவது. ஆனா நான் எழுதுனத லண்டன்ல வெள்ளக்காரன் படிக்கிறான்" என்பார். பொய்யில்லை.

அந்தக் கைதான் ஆம்ப்ளிபயர் செய்யவும் போனது. மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் கிடைத்த பழைய பத்திரிகை ஒன்றில் படத்தைப் பார்த்து ஆரம்பித்தார். முதலாவது ஒரு காதுகுத்துக்குப் போயிற்று. பாடவில்லை, உறுமியது. லோரி மேடேறி வருகிறது என்று பந்தலில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். இரண்டாவது உறுமவில்லை, புகைந்தது. அதிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எவளாவது ஈர விறகை ஊதினால், "காளியண்ணன் பாட்டுப் போடுறாரு லா" என்று பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள்.

காளியண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து யோசித்தார். யோசித்துக் கண்டதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இன்றுவரை சொல்லி வருகிறார்.

"பெரிய கரண்டும் சின்னக் கரண்டும் ஒரே பாதையில நடக்கக் கூடாது. லோரி போற ரோட்டுல கொழுந்துக் கூடையோட பொம்பள நடந்தா என்னா ஆகும்? அதான் உறுமல். தனித்தனியா நடக்க விட்டு, கடசியில எல்லாத்தையும் ஒரே எடத்துல கூட்டணும். காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு ஆளுங்க வந்து நிக்கல? அது மாதிரி."

எழுபத்தொன்பதில் ஆடித் திருவிழா நெருங்கியது. கோயில் தலைவர் வேலப்பன், காளியண்ணன் மனைவி அம்சவல்லிக்குக் கூடப் பிறந்த அண்ணன். வருஷா வருஷம் தானா ராத்தா டவுனிலிருந்து ஒலிபெருக்கி செட்டு எடுப்பது வழக்கம்.

"செட்டு வேணாம்னு சொல்லிடுங்க மச்சான். நம்ம ஆம்ப்ளிபயர் பாடும்."

"பொகைஞ்சுச்சே மாப்ள?"

"அது ரெண்டாவது. இது மூணாவது."

இந்தக் கணக்கில் என்ன கண்டாரோ, வேலப்பன் செட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செட்டுக்காரர் அதே நாளுக்கு வேறு தோட்டத்தை ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே வேலப்பன் காளியண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பாட்டு வரலன்னா நான் கோயிலுக்குத் தலைவரா இருக்க முடியாது. நீ எனக்கு மாப்ளயா இருக்க முடியாது. பாத்துக்க."

ஆம்ப்ளிபயருக்கு உள்ளே போவது, ஒரு பக்கம் செம்பு ஒட்டிய அட்டை. கரண்ட் போகவேண்டிய பாதைகளை மையால் மூடிவிட்டு, அட்டையை மருந்துத் தண்ணீரில் போட்டால், மூடாத செம்பு கரைந்து போகும். மூடிய பாதை மட்டும் கோடாக நிற்கும், அதுதான் கம்பி. மற்றவர்கள் தூரிகை பிடித்துக் கோடு இழுப்பார்கள். காளியண்ணன் பாதை முழுவதையும் தகட்டில் வெட்டி, செம்பின்மேல் வைத்து, பெட்டி மையைப் பூசினார். மூலையில் தம் பெயரெழுத்தையும் சேர்த்துக்கொண்டார்.

மலைக் குளிரில் மருந்து வேலை செய்யவில்லை. மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்பருகே போனார். அங்கே காவல் டொனால்ட்.

"அண்ணே, தேத்தண்ணியில துரு வாசம் அடிச்சா தொரை என்னைய லோரில ஏத்தித் தோட்டத்த விட்டே அனுப்பிருவாரு."

"லோரில எடம் இருக்கும். நானும் வாரேன்."

செம்பு அழகாகக் கரைந்தது. கோடுகள் கத்தி முனைபோல நின்றன. திருவிழாவுக்கு முதல்நாள் காலையில் மூன்று கால் டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து ஓட்டையில் நுழைக்கப் போனபோதுதான் கால்கள் இடம் மாறி நிற்பது தெரிந்தது.

அவர் வெட்டியது மேலேயிருந்து பார்த்த படம். செம்பு இருப்பதோ அட்டையின் அடியில். தகட்டைப் புரட்டி வைத்து மை பூசியிருக்கவேண்டும். ஆனால் ஆயுசில் ஒரு தகட்டையாவது எழுத்து திரும்பும்படி வைத்தவரா அவர்? மூலையில் பெயரெழுத்து நேராகத் தெரிந்தது, பூசிவிட்டார். வேறு அட்டை வேண்டுமானால் ஈப்போ போகவேண்டும். போய் வர நேரமில்லை.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை அம்சவல்லி கடந்து போனாள்.

"எங்கண்ணன் மொகத்துல கரியப் பூசுறதுக்கு மையி மிச்சம் இருக்குல்ல?"

"சும்மா இரு. சாமானு எல்லாம் தலகீழா நிக்குது."

"அப்ப சாமானத் தூக்கி அடியில வைங்க. அங்க வச்சா அம்மன் கோவிச்சுக்குமா?"

காளியண்ணன் அட்டையைப் புரட்டினார். சாமான்களைச் செம்புப் பக்கமே உட்காரவைத்து, கால்களை அந்தப் பக்கத்திலேயே பற்றவைக்க ஆரம்பித்தார். எல்லாம் அளவெடுத்ததுபோலப் பொருந்தின. இந்த யோசனை தமக்கே உதித்தது என்று அவர் பிற்பாடு சொல்வதுண்டு. அம்சவல்லி மறுப்பதில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

மறுநாள் மத்தியானம், பொங்கல் பொங்கும் நேரத்தில், பாட்டு எழுந்தது. உறுமல் இல்லை. எதிர்ச்சரிவில் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்த சீனர் கத்தியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். வேலப்பன் மட்டும் ஆம்ப்ளிபயரை விட்டு எட்டியே நின்றார். சன்னதியிலிருந்து சாம்பிராணிப் புகை வந்தபோதும் அவர் திரும்பிப் பார்த்தது ஆம்ப்ளிபயரைத்தான்.

மணி அடித்தது, தீபம் ஏறியது. சனம் மொத்தமும் இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தது. காளியண்ணன், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, இடது புறங்கையை ஆம்ப்ளிபயரின் அலுமினிய முதுகில் வைத்தார். வலது கையை மட்டும் நெற்றிக்கு உயர்த்தி அம்மனைக் கும்பிட்டார். மற்றக் கையை எடுக்கவில்லை.