எங்கள் மாடிக் கம்பமும் கேபிள்காரரும்

நூம்பலில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன வாரமே, தோளில் ஒயர் சுருளை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து நின்றவர் எங்கள் கேபிள்காரர். அப்போது சுற்றிலும் காலி மனைகள்தான்.

"உன் ஊட்டு மாடிதான் அண்ணாத்தே இங்கயே உசரம். ஒரு கம்பம் நட்டுக்கறேன். பின்தெருவுக்கு லைன் இழுக்க எனக்கு வேற வழி கெடையாது" என்றார்.

நட்டுக்கொள் என்றேன். காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆளுக்கொரு டீயோடு விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து பின்தெரு வீடுகளுக்கு டிவி, பிறகு இன்டர்நெட், எல்லாமே எங்கள் தலைக்கு மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது.

எப்போது வந்தாலும் நேரே மாடிப்படி ஏறிவிடுவார். "கேபிள்காரனுக்கு ஊட்டு வாசல் எதுக்கு, மாடி தெரிஞ்சா போதும்" என்பார். காயப்போட்ட வடாத்தில் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு இறங்கி, "தங்கச்சி, உப்பு கம்மி" என்று என் மனைவிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.

சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் வைத்திருந்தார். என் மகளுக்குக் காது குத்தியபோது அவளுடைய மொட்டைத்தலைப் படத்தை அதில் நாள் முழுக்க ஓட்டினார். மறுநாள் கரையான்சாவடி மளிகைக்கடையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள், "டிவில வந்த பாப்பா தான நீ?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளியபோது எனக்கு வந்த பெருமை, பாடியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் என்னை சூப்பர்வைசர் ஆக்கிய அன்றுகூட வரவில்லை.

அந்தப் பாப்பாதான் இப்போது வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். தூறல் விழுந்தால் போதும், கேபிள்காரர் கொடுத்த நெட் படுத்துவிடும். "பேசிக்கிட்டே இருக்கேன், பாதில காணாம போயிடறேன்பா. வேலையே போயிடும் போல" என்று ஒரு நாள் அழுதேவிட்டாள். பெரிய கம்பெனி ஒன்றின் ஃபைபருக்குப் பதிவு செய்தோம்.

கேபிள்காரரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். "அந்தாளுக்கு இன்னா, டாக்டரா நீ?" என்று மனைவி கேட்டாள்.

புதுக் கம்பெனி ஆள் வந்து மாடி ஏறியதும், "சார், இந்தக் கம்பம் பூரா பழைய ஒயருங்க அடைச்சிகினு கீது. நீங்கதான் அத்த உட்டுட்டீங்களே, கட் பண்ணிடட்டா?" என்றார்.

"ஐயோ, கைய வெச்சிடாதப்பா!" என்று கத்தினேன்.

அதற்குள் பின்தெருவில் யாரோ பார்த்துப் போன் செய்திருக்கிறார்கள். கேபிள்காரர் வந்துவிட்டார். ஆனால் மாடி ஏறவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"நெட்ட மாத்திக்கோ அண்ணாத்தே, அது உன் இஷ்டம். பாப்பா பொழப்பு கீது. என் லைனு இத்துப்போச்சுன்னு எனக்கே தெரியும். கம்பத்த புடுங்க சொல்றியா, அத்த மட்டும் சொல்லு. பின்தெரு கனெக்சனும் போயிட்டா அப்பறம் எனக்கு இன்னா கீது?"

"கம்பத்த எவன்யா புடுங்கறது? உங்கிட்ட சொல்ல கூச்சப்பட்டுகினு ஒரு வாரமா ஒளிஞ்சிகினு கீறேன் நான்!"

அவர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "அதான் மூணு தபா போன் போட்டு ஒடம்ப பத்தி விசாரிச்சியா? எனக்குத்தான் இன்னாவோ வந்துட்ச்சுன்னு பயந்துட்டேன்" என்றபடி செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். தன் ஒயர்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டிப் புது ஒயருக்கு இடம் விட்டார். "அங்க கட்டாத நைனா, தென்னமட்ட வந்து ஒரசும்" என்று அந்த ஆளுக்கும் ஒரு அதட்டல்.

நெட்டைத்தான் மாற்றினோம். டிவியை அவரிடமே வைத்துக்கொண்டோம். "யாருப்பா பாக்கறா அத?" என்று மகள் இன்றைக்கும் கேட்கிறாள்.

போன மழையில் அவர் மாடியிலிருந்து நனைந்துகொண்டே இறங்கி வந்தார். "உன் கம்பெனி ஒயரு தொங்கிகினு கெடந்துச்சு அண்ணாத்தே. அவனுங்களுக்கு போன் போட்டா எப்ப வருவானுங்களோ. நானே இழுத்துக் கட்டிட்டேன்" என்றார். மகள் உள்ளே மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். நான் துண்டெடுத்து அவரிடம் நீட்டினேன்.