நான்கு நிமிடத்துக்கு மேல் கேட்கக்கூடாது

என் அக்கா ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் புகார்களுக்குப் போன் எடுக்கிறவள். எதிர்முனையில் எவ்வளவு கத்தினாலும் பொறுமையாகக் கேட்பாள். சுவரை ஒட்டி வைத்திருக்கிறார்களா, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, பாதிப் பேருக்கு மெக்கானிக்கே தேவைப்படாமல் செய்துவிடுவாள்.

புது மேனேஜர் வந்த கையோடு மேஜைக்கு மேஜை ஒரு விளக்கு வைத்தார். பேச்சு நான்கு நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பு எரியும். யார் அதிக அழைப்புகளை முடித்தார்கள் என்று சுவரில் பெரிய திரை காட்டும். அழைத்தவரின் குறை தீர்ந்ததா என்பதற்கு அதில் இடமே இல்லை. இதற்குப் பெயர் நிர்வாகமாம்!

மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். நேரம் நெருங்கினால், "ஹலோ... ஹலோ... கேக்கலையே" என்று லைனைத் துண்டித்துவிடுவார்கள். அழைத்தவர் மறுபடி கூப்பிட்டால் அது இன்னொரு அழைப்பு, இன்னொரு புள்ளி. அவர்களை நான் திட்டமாட்டேன், வயிற்றுப்பாடு.

அக்கா மட்டும் முடியாது என்றாள். திரையில் அவள்தான் கடைசி. மாதம் முடிவதற்குள் மேலே வராவிட்டால் வேலை இல்லை என்றார்கள். அத்தான் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். ஊழியர் நலனுக்கென்று கம்பெனி மூச்சுப்பயிற்சி வைத்தது. எப்போது? சாப்பாட்டு நேரத்தில்! மூச்சுவிட நேரம் கொடுக்காமல் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்த மகராசர்கள்.

கடைசியில் அக்காவும் வழிக்கு வந்தாள். திரையில் மளமளவென்று ஏறினாள். மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் கைதட்டினார். வீட்டில் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் காலை ஒரு பெண் கூப்பிட்டாள். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, உள்ளே பிள்ளையின் ஊசி மருந்து இருக்கிறது என்றாள். அக்கா வழக்கம்போலத் துண்டித்தாள். மதியம் அதே குரல் மறுபடி அவளுக்கே வந்தது. இடையில் எத்தனை பேர் துண்டித்தார்களோ!

"மருந்து சூடாயிடுச்சுங்க. இனி போடலாமான்னுகூடத் தெரியலை," என்று அந்தப் பெண் அழுதாள்.

"டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்கம்மா. லைன்லயே இருங்க, நான் எங்கயும் போகலை."

சிவப்பு எரிந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ப்ளக்கை வேறு பாயிண்டில் மாட்டச் சொல்லி, மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள். அவள் போனை வைத்தபோது மேனேஜர் பின்னால் நின்றிருந்தார்.

"இதை ரெண்டே நிமிஷத்துல முடிச்சிருக்கலாமே?"

"காலையிலே அப்படித்தான் சார் முடிச்சேன். அதுக்குத்தானே கைதட்டுனீங்க?"

அன்றோடு வேலை போயிற்று. செயல்திறன் போதவில்லையாம். திருடியவளைப் போல அவள் பையைச் சோதித்து அனுப்பினார்கள்.

வேலை போனதற்காக அக்கா அழவில்லை. அந்தப் பிள்ளை மருந்தில்லாமல் கிடந்த அரை நாளை நினைத்து அழுதாள். "நான்தானே கட் பண்ணேன்டி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். விளக்கு வைத்த அந்த மனுஷனுக்கு இதில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.