களைப்புக்கு எண் போட்ட டிரில் மாஸ்டர்

மேச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்த குழந்தைவேல், 1981 கோடையில் மெட்ராஸ் பயிற்சி முகாமுக்குப் போய் ஓர் அட்டையோடு திரும்பினார். அதில் ஆறு முதல் இருபது வரை எண்கள். ஆறென்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. இருபதென்றால் இனி ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. ஓடி முடித்தவர் தன் களைப்புக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். அதைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வந்துவிடுமாம்.

ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் கேட்டு ஐந்து வருஷமாக மனு எழுதியும் அவருக்குப் பதில் வந்ததில்லை. இனி எண்ணோடு கேட்கலாம் என்று பூரித்துப்போனார்.

பிளஸ் ஒன் படித்த சென்னியம்மாள் மைதானத்தை எட்டுச் சுற்று ஓடிவந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், நூற்றுத் தொண்ணூறு.

"எத்தன சாமி?"

"ஏ...ழுங்க சார்."

"நெசத்தச் சொல்லு."

"பத்தொம்போதுன்னா டீமுல இருந்து தூக்கிப்போடுவீங்கல்லங்க?"

பாதிச் சுற்றை நடந்தே கடந்த மாரக்காளோ, "இருவதுங்க" என்று சொல்லிவிட்டு நிழலில் படுத்துக்கொண்டாள்.

மாஸ்டர் நேர்மையானவர். அவரவர் சொன்னதை அப்படியே எழுதினார். பதிவேட்டைப் பார்த்த கல்வி அதிகாரி மகிழ்ந்துபோனார். "நல்லா ஓடறவங்களுக்குக் களைப்பே இல்லியே! அப்புறம் முட்டை எதுக்கு மாஸ்டர்?"

அடுத்த தடவை, வாழ்நாளில் முதல்முறையாகக் குழந்தைவேல் பொய் எழுதினார்: எல்லோருக்கும் பத்தொன்பது. பதினைந்தே நாளில் பதில் வந்தது. ஓட்டம் மாணவியர் உடல்நலத்துக்கு உகந்ததல்ல, கேரம் ஆடச் செய்யவும் என்றது கடிதம். கூடவே இரண்டு பலகைகள்.

அட்டையைப் பீரோவில் போட்டுப் பூட்டினார். காலையில் ஏரிக்கரையில் பிள்ளைகள் ஓட, பக்கத்திலேயே சைக்கிள் மிதித்துக்கொண்டு, "ஊட்டுல நேத்து என்ன கொழம்பு?" என்று கேட்பார். முழுசாகச் சொல்லி முடித்தால் ஓடலாம். திணறினால் உட்கார வேண்டும். பொய் சொல்லவும் மூச்சு வேண்டுமே. உட்கார்ந்தவர்களுக்கு மாஸ்டரின் மனைவி முத்தாயம்மாள் கடலை அவித்துக் கொடுத்தனுப்புவாள்.

மறு வருஷம் மாவட்ட ஓட்டப் போட்டியில் சென்னியம்மாள் இரண்டாவதாக வந்தாள். பாராட்டு விழாவில் தலைமை ஆசிரியர், கேரம் பலகை தந்த மன ஒருமைப்பாடே இந்த வெற்றிக்குக் காரணம் என்று முழங்கி அதிகாரிக்கு மாலை போட்டார். கடைசி வரிசையில் இருந்த குழந்தைவேல் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.