மூன்றாவது காபி வராத நாள்

முஸ்லிம்களும் செர்பியர்களும் மோதிய போருக்குப் பிறகு, முஸ்லிம் பெண் ரசேமா ஆரம்பித்த பெண்கள் சங்கத்தை ஊரில் பாதிப் பேர் சங்கம் என்றே சொல்வதில்லை. எதிரியோடு காபி குடிக்கிற கூட்டம் என்பார்கள். புருஷன் அடித்தால் புகார் எழுத, பென்ஷனுக்கு அலைய, விதவையின் நிலத்தைக் கொழுந்தன்மார் சுருட்டாமல் காக்க, எல்லாவற்றுக்கும் ரசேமாதான் ஓடினாள். வந்தவள் முஸ்லிமா, செர்பியப் பெண்ணா என்று கேட்கமாட்டாள். அந்த ஒரு குணத்துக்காக அவள் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

அதிகம் ஏசியவள் பக்கத்து வீட்டு ஷெவ்கா. ரசேமாவின் மகன் நெவ்ரெஸையும் ஷெவ்காவின் மகன் ஜெவாதையும் போரின்போது ஒரே நாளில்தான் செர்பியப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவரின் உடலும் கிடைக்கவில்லை.

"என்னடி, புள்ளையக் கொன்னவங்க வீட்டுக் காபி இனிக்குதா?" என்பாள் ஷெவ்கா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"கசக்கத்தான் செய்யுதுக்கா. எங்க பொதச்சாங்கன்னு அவங்களுக்குத்தானே தெரியும்?"

ஷெவ்கா காறித் துப்பிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

திரினா ஆற்றுக்கு அக்கரையில் தெசாங்கா என்ற செர்பியக்காரி இருந்தாள். செத்துப்போன அவள் புருஷன், பையன்கள் காணாமல்போன அந்தக் கோடையில் பிணங்களைப் புதைக்க மண் தோண்டும் இயந்திரம் ஓட்டியவன். இவளுக்குத் தெரியாமல் இருக்காது என்று ரசேமா ஆறு வருஷம் போய் வந்தாள். அந்த ஊர் வழக்கப்படி முதல் காபி வரவேற்க, இரண்டாவது பேச. மூன்றாவது வந்தால் விருந்தாளி எழுந்துவிட வேண்டும். போ என்று வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. ரசேமா மகன் பேச்சை எடுத்ததும் தெசாங்கா மூன்றாவதைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். ரசேமாவும் குடித்துவிட்டு வீடு திரும்புவாள். அடுத்த மாதம் மறுபடி போவாள்.

போன மார்ச்சில் ஒரு நாள் மூன்றாவது காபி வரவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது. தெசாங்கா எழுந்திருக்கவே இல்லை.

"எம் பையனும்தான் சண்டையில செத்தான். அவனைப் பொட்டியில வச்சாவது எங்கிட்ட குடுத்தாங்க," என்றாள் கடைசியில். "பழைய செங்கச் சூளைக்குப் பின்னால தோண்டச் சொல்லு ரசேமா. எம் பேர மட்டும் வெளிய சொல்லிடாதே."

யார் சொன்னது என்று சொல்லாமல் ரசேமா அதிகாரிகளிடம் தகவல் கொடுத்தாள். தோண்டினார்கள். பதினோரு பேரின் எலும்புகள் கிடைத்தன. தாய்மார் கொடுத்திருந்த ரத்தத்தோடு எலும்பை ஒப்பிட்டு முடிவு வர ஏழு மாதம் ஆனது. பட்டியலில் நெவ்ரெஸ் இல்லை. ஜெவாத் இருந்தான்.

அதிகாரி போய்ச் சொல்வதாக இருந்தது. "நானே சொல்றேன்," என்று வந்துவிட்டாள் ரசேமா. வழி முழுக்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. நாலு எலும்புக்குப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"ஜெவாத் கிடைச்சிட்டான்க்கா."

ஷெவ்கா கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. பிறகு கேட்டாள்.

"நெவ்ரெஸ்?"

"அங்க இல்லக்கா."

ஷெவ்கா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"யாருகிட்டக் கேட்டே?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"சொல்ல வேணாம். இனிமே அக்கரைக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ," என்றாள் ஷெவ்கா. "ஒம் புள்ளைய நீ ஒருத்தியாவா தேடுவே?"